நான்கு நிமிடம் பத்து விநாடி

ரந்தாவ்,
15.2.1998

அன்பு மகள் பெர்னதெத்துக்கு அப்பா எழுதுவது.

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நீ போனில் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு அந்தக் கேள்வியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை உன் புருஷன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை. உனக்கு வருகிற கடிதங்களை உன் நாத்தனார் பிரித்துப் படித்த பிறகுதான் தருகிறாள் என்று சொன்னாய். அதனால் நீ போன் செய்த எதிர்வீட்டு முத்தாயியின் பெயருக்கு அனுப்புகிறேன். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சுங்கைப்பட்டாணியில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி அவர்தான். என் நன்றியைச் சொல்.

முதலில் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று நான் போனை வைத்துவிட்டுப் போய்விடவில்லை.

உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. எடுத்து, நான்தான் என்று காட்ட வழக்கம்போல் ரிசீவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். “அப்பாவா? அம்மா இல்லியா?” என்றாய். ஆமாம் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாய். இந்த ஐந்து மாதமாக நீ உன் அம்மாவிடம் “நல்லாதாம்மா இருக்கேன்” என்று சொன்னதெல்லாம் உன் நாத்தனார் பக்கத்தில் நின்றதால் சொன்னது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாலர் பள்ளி வேலையை விடச் சொன்னது, டிசம்பரில் உன் வயிற்றிலிருந்தது கலைந்துபோனது, அதைப் பிறந்த வீட்டுக்குத் தெரியவிடக்கூடாது என்று உன் வாயை அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னாய். உன் புருஷன் என்ன சொல்கிறான் என்று நான் கேட்க நினைத்தேன். கேட்காமலே அதற்கும் பதில் வந்தது. “அக்காகிட்ட பேசு.” அதுதான் அவன் சொல்வது.

பிறகு நீ, “ஏதாச்சும் சொல்லுங்கப்பா” என்றாய். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்புக்கு ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. பிறகு மேகம் மிதக்கும் நீல வானம். பிறகு அந்த மணல் கடிகாரம். நான் அதன் முன்னால் நிற்கிறேன். ரிசீவருக்குள்ளிருந்து “அப்பா, அப்பா” என்று சன்னமாகக் கேட்கிறது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று அந்தச் சனியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், தட்டுவதைப் படித்துப் பேசுகிற புரோகிராம் எழுந்தது. “சொல்லு” என்று தட்டி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ரிசீவர் பக்கத்தில் வைத்தேன். அது சொல்லியது. அந்தப் பக்கத்தில் நீ இல்லை. ங்ங் என்ற சத்தம்தான் வந்தது.

மறுநாள் சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் வார்த்தை வருவதற்கு நான்கு நிமிடம் பத்து விநாடி. இருபத்திரண்டு வருஷம் இந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் ஆள் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய மண்டோர் நான். நான்கு நிமிடத்தில் நூற்றுப்பத்துப் பேரைக் கூப்பிட்டு முடிப்பேன். என் குரல் மூன்றாவது லயத்தின் கடைசி வீடு வரை போகும். தூங்குகிறவன் தூக்கத்திலேயே “இருக்கேன் மண்டோரே” என்பான். அந்தத் தொண்டையைத்தான் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, கழுத்தில் ஓட்டையைப் போட்டு, அதன்மேல் ஒரு துணியையும் கட்டி அனுப்பினார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் உறுமுகிற ஒரு கருவியையும் காட்டினார்கள். மழைக்காலத் தவளை அதைவிடத் தெளிவாகப் பேசும். வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். சிலேட்டில் எழுதிக் காட்டினால் உன் அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே மறந்துவிடும்.

அப்போதுதான் உன் பெரியப்பா மகன் அலெக்சாண்டர் இந்த லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். மம்பாவ் டவுனில் வீடு வாங்கியதிலிருந்து அவன் ஆங்கிலத்தில்தான் தும்முகிறான். “சித்தப்பா, இங்கிலீஷ் எழுத்துல தமிழ டைப் பண்ணுங்க, இது சத்தமா பேசும் லா” என்றான். பேசியது. வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரை தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி. தனக்குப் புதிது வாங்கியதும் குப்பையில் போட வேண்டியதை எனக்குப் பரிசாகக் கொடுத்தான். அதற்கு உன் அம்மா கோழி அடித்துச் சமைத்துப் போட்டாள்.

இந்தக் குப்பையால்தான் உன் வாழ்க்கையும் இப்படி ஆயிற்று. உன் நிச்சயத்தின்போது நீ உள்ளறையில் இருந்தாய். கூடத்தில் நடந்ததை உன் அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்லியிருப்பாள். நான் சொல்வதையும் கேள்.

அதற்கு முதல் நாள் குழாயடியில் வைத்து நீ என்னிடம், “எனக்கு இந்த எடம் வேணாம்ப்பா. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. நீங்க சொல்லிடுங்க” என்றாய். நான் தலையாட்டினேன். அதை மறக்கவில்லை. மறுநாள் அவர்கள் வேன் வந்து நின்றபோது லேப்டாப் கூடத்து மேசையில் தயாராக இருந்தது. உன் நாத்தனார் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், “எஸ்டேட் வீடா இருந்தாலும் சுத்தமாத்தான் வச்சிருக்கீங்க” என்றாள். மாப்பிள்ளை தங்கராஜு உட்கார்ந்தான். வாயே திறக்கவில்லை. “தம்பிக்குக் காப்பியில சீனி கம்மியா போடுங்க” என்பதையும் அவள்தான் சொன்னாள். அவனுக்கு ஆண்டவர் கொடுத்த தொண்டையில் ஒரு பழுதும் இல்லை. அதைக் காப்பி விழுங்குவதற்கு மட்டும் வைத்திருக்கிறான்.

நான் தட்ட ஆரம்பித்தேன். என் மகளுக்கு மேலே படித்து ஆசிரியை ஆக ஆசை, அதற்கு உங்கள் வீட்டில் இடமில்லை என்பது உங்கள் பேச்சிலேயே தெரிகிறது, ஆகையால் மன்னிக்க வேண்டும், இந்தச் சம்பந்தம் வேண்டாம். முழுவதையும் எழுதி, பேசு என்று பொத்தானை அழுத்தினேன். மணல் கடிகாரம் வந்தது. தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்தார்கள். மணல் கடிகாரம். தட்டை மாற்றினார்கள். மணல் கடிகாரம். எல்லோரும் கைதட்டி, கேசரியைப் பரிமாற ஆரம்பித்த பிறகு, அந்த இழவு கர்ர் கர்ர் என்று இருமி, வாக்கியத்தையெல்லாம் விழுங்கி, கடைசி வார்த்தையை மட்டும் தெளிவாகத் துப்பியது. “வெண்டாம்!”

“சம்பந்தி கேசரி வேணாங்கிறாரு! சீனி வியாதியா?” என்றாள் உன் நாத்தனார். கூடமே சிரித்தது.

ஆகவே மகளே, நான் சொல்லாமல் இருக்கவில்லை. நான் சொன்னேன். அந்தக் குப்பை சொல்லவில்லை.

இனி அதை விடப்போவதில்லை. அதை ஓடவைப்பேன், இல்லாவிட்டால் கிணற்றில் போடுவேன். நீ மறுபடி எப்போது போன் செய்ய முடியும் என்று முத்தாயி மூலமாக எழுது. உன் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிடுவாள், சமையல் நடக்காது.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் அப்பா,
யாகப்பன்

•

ரந்தாவ்,
26.4.1998

அன்பு மகள் பெர்னதெத்துக்கு,

உன் நான்கு வரிக் கடிதம் வந்தது. கீழே முத்தாயி தன் கைப்பட “கவலப்படாதீங்க அண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். மே ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை உன் நாத்தனார் பினாங்குக்குக் கண் பரிசோதனைக்குப் போகிறாள், அன்று காலை போன் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவள் கண்ணுக்கு என்ன? அடுத்தவர் கடிதத்தைப் படித்துப் படித்துத் தேய்ந்துபோயிருக்கும்.

நான்காவது வரியில் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லேப்டாப் விஷயம்.

அதைத் தூக்கிக்கொண்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரன் மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான். “அங்கிள், இது ரொம்ப பழசு லா. பூவாங் பண்ணிட்டு புதுசு வாங்கு” என்றான். தூக்கிப் போடு என்று சொல்ல அவன் கடைக்கு ஏன் போக வேண்டும்? நம் வீட்டிலேயே உன் அம்மா அதைத்தான் சொல்கிறாள். கூடுதல் மெமரி போட முடியுமா என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றான். அவன் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துத் துணியையே பார்த்தான். சிலேட்டைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகுதான் தோட்டத்து ஆபீசில் டைப் அடிக்கிற நீலாவதியிடம் போனேன். அவளை உனக்குத் தெரியும். வாய்த்துடுக்கு அதிகம் என்று இரண்டு இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கணக்கெழுதும் கிராணிமார்கள் அதற்கு மாலை போட்டு ஒதுங்கி நின்றார்கள். இவள்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சனிக்கிழமை வேலை முடிந்து நம் வீட்டுக்கு வந்தாள். மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுக் காப்பியையும் குடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “மண்டோரே, இவ்ளோ சுமைய தலையில ஏத்திவுட்டுட்டு ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்?” என்றாள்.

அவள் காட்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பொத்தானை அழுத்தியதும் லேப்டாப் எனக்காக எழுந்திருக்கவில்லை. அலெக்சாண்டர் வைத்துவிட்டுப் போன பதினான்கு புரோகிராம்களும் கூடவே எழுந்திருக்கின்றன. மீன் நீந்துகிற படம் ஒன்று, பாட்டுப் பெட்டி ஒன்று, சீட்டாட்டம், கார் ஓட்டுகிற விளையாட்டு, அவன் விற்பனை வேலைக்கு வைத்திருந்த என்னென்னவோ. ஒன்றுக்கும் வேலையில்லை. ஆனால் எல்லாம் எழுந்து, எல்லாம் உட்கார்ந்து, எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பெரட்டில் எனக்கு இது பழகிய சங்கதிதான். பெயர் கூப்பிட்டால் “இருக்கேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பதினான்கு பேர் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வேலை செய்கிற ஒருவன்மேல்தான் துரையின் கோபமெல்லாம் விழும்.

“அழிச்சிடலாமா?” என்றாள் நீலாவதி. அலெக்சாண்டரைக் கேட்க வேண்டாமா என்று சிலேட்டில் எழுதினேன். “குடுத்தவரு குடுத்துட்டாரு. இன்னும் என்ன கேக்குறது?” என்றாள். ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்தாள். நான் தலையை ஆட்ட ஆட்ட அழித்தாள். அந்தக் கார் விளையாட்டுக்கு மட்டும் டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு இடம். ஒரு மனிதனின் பேச்சுக்கு இருந்த இடத்தைவிடப் பத்து மடங்கு. அதை அழித்தபோது எனக்கு உண்டான திருப்தியை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு பழைய தற்காலிகக் கோப்புகள் என்று ஒரு மூட்டை, அதையும் கொட்டினாள். சுவரில் ஒட்டியதுபோல் திரையில் ஒட்டியிருந்த நடிகையின் படத்தையும் எடுத்துவிட்டாள். “இதுக்கும் கொஞ்சம் பாரம் இருக்கு” என்றாள். உன் அம்மா சமையலறையிலிருந்து அதற்கு மட்டும் ஆமாம் என்றாள்.

கடைசியாக ஒரு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். டிஸ்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அடுக்குவது. அதை இன்று காலைப் பூசை முடிந்து வந்து தொடங்கினேன். திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றும். சாயங்காலம் நான்கு மணி வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். “ஜெபம் பண்ண இவ்ளோ நேரம் உக்காந்திருக்கீங்களா ஒருநாளாச்சும்?” என்று உன் அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு அணைத்து மறுபடி போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் வார்த்தை வர ஐம்பத்தைந்து விநாடி. “பெர்னதெத்” என்று தட்டிப் பார்த்தேன். லேப்டாப்புக்குள் இருக்கும் அந்தத் துரை உடனே உன் பெயரைச் சொன்னான். அவன் சரியாக உச்சரிக்கிற பெயர் நம் வீட்டில் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்தே அதைப் போட்டுவைத்து, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ என்ன கேட்பாயோ என்று யோசித்துச் சில வார்த்தைகளை முன்னாலேயே தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பேசும்.

இப்போது உன் கேள்வி. “வாய்தான் இல்ல, தலையையாச்சும் ஆட்டியிருக்கலாமேப்பா?” என்று எழுதியிருக்கிறாய்.

இதற்குப் பதில் எழுதாமல் இரண்டு வாரம் ஓட்டினேன். கட்டங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு இன்று முழுவதும் இதைத்தான் யோசித்தேன். லேப்டாப்மேல் நான் போட்ட பழி நிற்காது, மகளே. அதற்கு வேகம் இல்லை. எனக்குத் தலை இருந்தது, கை இருந்தது. தட்டு மாறும்போது எழுந்து நின்றிருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. குரல் போன பிறகு தலையாட்டுவதும் கைகாட்டுவதும் எனக்குக் கேவலமாகப்பட்டது. அவர்கள் முன்னால் நான் ஊமையாகத் தெரியக்கூடாது. பழைய மண்டோர் மாதிரி முழுசாக ஒரு வாக்கியம் பேசி அவர்கள் வாயை அடைக்க வேண்டும். உன் வாழ்க்கையைவிட அந்த வாக்கியம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அவர்கள் சிரித்தபோதாவது செய்திருக்கலாம். உன் அம்மா கேசரித் தட்டை நீட்டினாள். நான் வாங்கினேன். சாப்பிட்டேன், பெர்னதெத். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தேன். நீ உள்ளறையில் இருந்தாய், உனக்குத் தெரியாது என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். நீ திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் உன்னைப் பார்த்தேன்.

ஊரில் எல்லோரையும் இகழ்ந்து பேச எனக்கு ஒருநாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. கேசரி சாப்பிட்ட அந்த மனிதனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல். போனில் சொல். நான் குறுக்கே தட்டாமல் கேட்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற,
அப்பா

•

ரந்தாவ்,
9.8.1998

மாப்பிள்ளை தங்கராஜு அவர்களுக்கு மாமனார் யாகப்பன் எழுதிக்கொள்வது.

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. தாங்கள் அனுப்பியது என்றுதான் சொல்ல வேண்டும், எழுதியது என்று சொல்வதற்கில்லை. கல்யாணத்துக்கு உங்கள் தரப்பு விருந்தினர் பட்டியலை உங்கள் அக்காள்தான் எழுதி அனுப்பினார். அந்தக் கையெழுத்து எனக்கு மறக்கவில்லை. கடைசியில் உள்ள கையொப்பம் மட்டும் உங்களுடையது. அதையும் அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில்தான் போட்டிருப்பீர்கள். இந்தப் பதிலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அவருக்கும் என் வணக்கம். கண்ணாடி மாற்றிய பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று நம்புகிறேன்.

பெண்ணை நாங்கள் தூண்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். மே ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் போன் வந்தது. என் மனைவி அந்தோனியம்மாள் எடுக்க ஓடிவந்தாள். நான் விடவில்லை. பெர்னதெத் முதலில் என்னைத் திட்டினாள். வீட்டில் எத்தனையோ பேர் திட்டுவார்கள், அவள் திட்டியது கிடையாது. கால் மணி நேரம் திட்டிவிட்டு, அழுதுவிட்டு, பிறகு கேட்டாள்.

“அப்பா, நான் வந்துடட்டா?”

நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். “வா” என்றது லேப்டாப். அவள் கேட்டு முடித்த மூச்சு அடங்குவதற்குள் சொன்னது.

“நெசமாவா?”

“வா.”

“அம்மா என்னா சொல்வாங்க?”

இதற்கு நான் வார்த்தை தயார் செய்து வைத்திருக்கவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு அந்த நிமிடம்தான் எல்லாம் புரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி, “பஸ்ஸுக்குப் போறியா, இல்ல இன்னும் பேசிக்கிட்டே நிக்கிறியா?” என்று கத்தினாள். உங்கள் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது. கட்டிய துணியோடும் சர்டிபிகேட் உள்ள பையோடும் பதினொரு மணி பஸ் ஏறினாள். அன்று உங்களுக்கு விடுமுறை. நீங்கள் வாசலில் நின்றீர்களாம். பையைப் பார்த்தீர்களாம். “அக்கா வந்துரட்டுமே” என்றீர்களாம். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இதில் யார் தூண்டினது என்று உங்கள் அக்காளையே கேட்டுப் பாருங்கள்.

பதினைந்து நாளைக்குள் பெண்ணைத் திருப்பி அனுப்பாவிட்டால் பின்விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றும் கடிதத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய சாமானைத் திருப்பி அனுப்புவதுபோல் எழுதியிருக்கிறார். நல்ல தமிழ். பெர்னதெத் இப்போது இங்கே பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகப் போய்வருகிறாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் போடுவாள். வந்த முதல் மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறாள். டிசம்பரில் போன பிள்ளைக்காக இங்கே கோயிலில் ஒரு பூசை வைத்தோம். அதில் தகப்பன் பெயரையும் வாசித்தார்கள். வாசிக்கச் சொன்னது அவள்தான். அந்தத் தகப்பனுக்கு இது தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் அக்காள் விரும்பினால் படிக்காமல் விட்டுவிடலாம்.

மாப்பிள்ளை, உங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. முதல் நாள் பார்த்ததிலிருந்தே கிடையாது. தொண்டை முழுசாக இருந்தும் ஒரு மனிதன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்று எண்ணி எண்ணி உங்களை நான் எத்தனை கேவலமாகப் பேசியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் நிச்சயத்தன்று, பேச வேண்டிய இடத்தில், உங்களுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டார் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தீர்கள். அதை நான் அன்று பயம் என்று நினைத்தேன். பயமாகவே இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகையால் கேட்கிறேன். கடிதம் அனுப்பாதீர்கள். ஆள் அனுப்பாதீர்கள். வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி வாருங்கள். ரந்தாவில் இறங்கி யாகப்பன் மண்டோர் வீடு என்றால் காட்டுவார்கள். பூசை முடிந்து பத்து மணிக்குமேல் அவள் வீட்டில்தான் இருப்பாள். அவளிடம் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். அவள் உங்களோடு திரும்பி வருவாள் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது அவள் பேச வேண்டியது. உங்கள் வாயால் நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். திக்கித் திக்கிச் சொன்னாலும் பரவாயில்லை. முழு வாக்கியம் வேண்டியதில்லை. முழு வாக்கியத்துக்காகக் காத்திருந்து கெட்டவன் நான்.

இதுவரை எழுதியதைப் பெர்னதெத்திடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. கிழித்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததாம். பேனாவை வாங்கி அதைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆண்டவர் உங்கள் நாவுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
யாகப்பன்